ஊமைப் படம் தலைதெறிக்க ஓடுகிறதா? வேகத்தைக் குறையுங்கள்

வாரம் ஒரு ஊமைக் குறும்படம் பார்ப்பது என்று ஜனவரியில் தொடங்கினேன், எல்லாரும் சாவி கொடுத்த பொம்மை மாதிரி ஓடுவதால் மார்ச்சிலேயே சலித்துவிட்டது என்கிறீர்கள். தப்பு உங்கள் மேல் இல்லை. அன்று கேமராவைக் கையால் சுற்றினார்கள். நொடிக்கு ஏறக்குறைய 16, 18 சட்டகங்கள்தான் (ஃபிரேம்கள்) பதிவாகும். அதையே 24 சட்டகமாக ஓட்டினால் அப்படித்தான் இருக்கும். யூடியூபில் வேகத்தை 0.75 ஆக்கிப் பாருங்கள், மனிதர்கள் மனிதர்களாக நடப்பார்கள். பியானோ எரிச்சலூட்டினால் ஒலியை அணைத்துவிடுங்கள், பெரும்பாலும் அது பிற்பாடு ஒட்டவைத்தது.

சரி, எதைப் பார்ப்பது? சினிமாவின் முன்னோடிகளான பிரான்சின் லூமியேர் சகோதரர்கள் 1895இல் எடுத்த, தொழிற்சாலையிலிருந்து ஆட்கள் வெளியே வரும் படம். ஒரு நிமிடம்கூட இல்லை. ஆனால் மூன்று வடிவங்கள் உண்டு: ஒன்றில் வண்டியை ஒரு குதிரை இழுக்கிறது, ஒன்றில் இரண்டு, மற்றதில் குதிரையே இல்லை. மூன்றையும் அடுத்தடுத்துப் பாருங்கள். ‘ஆவணம்’ என்று நாம் நம்புவதற்கே அன்று ரீடேக் இருந்திருக்கிறது!

அப்புறம் அமெரிக்கச் சோதனைப் பட இயக்குநர் ஸ்டான் பிராக்கேஜின் ‘மாத்லைட்’, 1963. கேமராவே இல்லை. அந்துப்பூச்சிச் சிறகுகளையும் பூவிதழ்களையும் ஒட்டும் நாடாவுக்கு நடுவே வைத்துச் செய்த படம். நடுவில் நிறுத்திப் பாருங்கள், சிறகின் நரம்பு தெரியும்.

வாரக் கணக்கை விடுங்கள். மாதம் ஒரு இயக்குநர் போதும். பிரான்சின் ஆரம்பகால இயக்குநர்கள் இருவர்: ஏப்ரலுக்கு மெலியேஸ், மே மாதம் ஆலிஸ் கீ.