கை நரம்பு வெளிய தெரிஞ்சா பலவீனமா?

கேள்வி: டாக்டர், என் மகனுக்கு 19 வயசு, ஒல்லியா இருப்பான். முன்னங்கையில நரம்பெல்லாம் பச்சை பச்சையா தெரியுது. மாமியார் இது நரம்புத் தளர்ச்சிதான், லேகியம் வாங்கிக் குடுன்னு தினமும் சொல்றாங்க. எனக்கு ஜவுளிக்கடையில நின்னுட்டே வேலை, கெண்டைக்கால்ல நரம்பு சுருண்டு நிக்குது, அது பழகிடுச்சு. பையனுக்கு என்ன பண்ணலாம்?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: பையனை விடுங்கம்மா, காட்ட வேண்டியது உங்க காலை.

அவன் கையில தெரியறது ரத்தக்குழாய், நரம்புத் தளர்ச்சிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. தோலுக்கு அடியில கொழுப்பு கம்மியா இருந்தா தெரியும், வெயில்ல நின்னா, வெயிட் தூக்கினா இன்னும் புடைக்கும். கையை தலைக்கு மேல தூக்கச் சொல்லிப் பாருங்க, புடைச்சதெல்லாம் அமுங்கிடும். லேகியக் காசுல முட்டை வாங்கிக் குடுங்க. திடீர்னு எடை குறைஞ்சிருந்தா மட்டும் அந்த எடைக்காக ஒரு தடவை காட்டுங்க.

இப்ப உங்க விஷயம். கால் ரத்தம் மேல ஏறணும்னா கெண்டைக்கால் சதை அமுக்கி விடணும், ஏறினது திரும்ப இறங்காம இருக்க குழாய்க்குள்ள குட்டி குட்டி வால்வு இருக்கு. நடந்தாதான் அந்தச் சதை வேலை செய்யும், ஒரே இடத்துல மணிக்கணக்கா நின்னா ரத்தம் தேங்கி, குழாய் அகலமாகி, வால்வு சரியா மூடாம போய் அப்படியே சுருண்டுக்கும், இதான் வெரிகோஸ் வெயின். கர்ப்ப காலத்துலயும் வரும், குடும்பத்துல யாருக்காவது இருந்தாலும் வரும்.

சாயங்காலம் கால் கனக்குதா, கணுக்காலுக்கு மேல உள்பக்கம் தோல் கறுத்து அரிக்குதா பாருங்க. அந்த எடத்தை சொறிஞ்சு புண்ணாக்கிட்டா ஆறவே மாசக்கணக்காகும். ஒரு டாப்ளர் ஸ்கேன் எடுத்தா எந்த வால்வு பழுதுன்னு தெரிஞ்சிடும், தேவைப்பட்டா லேசர்லயே சரி பண்ணலாம். இதுக்குன்னே காலை இறுக்கிப் பிடிக்கற ஸ்டாக்கிங்ஸ் (நீள சாக்ஸ்) இருக்கு, அதை கடையில நீங்களா வாங்காதீங்க, டாக்டர் அளவெடுத்து சொல்றதை காலைல எழுந்ததும் வீக்கம் வர்றதுக்குள்ள போட்டுடுங்க. அப்புறம், கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை குடுக்கணும்னு 2021லயே தமிழ்நாட்டுல சட்டத்தை திருத்திட்டாங்க, முதலாளிகிட்ட தைரியமா ஸ்டூல் கேளுங்க (கேட்டா முறைப்பாங்கன்னு தெரியும், இருந்தாலும்).

ஒரே ஒரு கால் மட்டும் திடீர்னு வீங்கி, சூடா, வலியோட இருந்தா அன்னைக்கே ஆஸ்பத்திரி போயிடணும். உள்ள ரத்தம் கட்டியிருக்கலாம், அது நகர்ந்து நுரையீரலுக்குப் போனா உயிருக்கே ஆபத்து. அப்ப யாரும் பாசத்துல எண்ணெய் போட்டு காலை நீவி விட வேண்டாம்.