பென்டாக்ஸ் 43 மி.மீ. எஃப் 1.9 லிமிடெட் லென்ஸ் அந்த விலைக்குத் தகுமா?

பென்டாக்ஸ் கே-1 போல முழு ஃபிரேம் (36க்கு 24 மி.மீ. சென்சர்) கமரா என்றால் தகும். சென்சர் சிறிதான ஏபிஎஸ்-சி கமரா என்றால் நான் வாங்கமாட்டேன், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நான் வைத்திருப்பது பாவித்த லென்ஸ். 1997இல் வந்த பழைய வடிவம். 2021இல் வந்த எச்டி வடிவத்திலும் கண்ணாடி அமைப்பு அதேதான், பூச்சு புதிது. 155 கிராம், 27 மி.மீ. நீளம், வெளிப்பக்கம் முழுக்க அலுமினியம். கொழும்புப் புறக்கோட்டைச் சந்துகளில் பெரிய ஸூமைத் தூக்கினால் மூட்டை வண்டி இழுக்கிற நாட்டாமிமார்கூட வண்டியை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள், இதை மாட்டிக்கொண்டு போனால் ஒருவரும் கணக்கெடுப்பதில்லை. பாதிக் காசு அதற்கே சரி.

கூர்மையைப் பார்க்க நான் எந்தச் சோதனை சார்ட்டும் வாங்கவில்லை, சம்மாங்கோட்டுப் பள்ளிவாசல் இருக்கிறதே, சிவப்பு வெள்ளைக் கோடுகளோடு. தெரு ஒடுக்கம், முழுக் கட்டடமும் 43க்குள் அடங்காது, ஆனால் கோடுகள் போதும். எஃப் 1.9இல், அதாவது முழுத் திறப்பில், நடுப்பகுதி நல்லது, மூலைகளில் கோடுகள் கரைந்துபோகின்றன. எஃப் 5.6க்கு மூடினால் மூலை வரை வரிவரியாக நிற்கும். காலிமுகத் திடலில் பின்னேர வெயிலுக்கு எதிரே தென்னோலையை எடுத்தால் முழுத் திறப்பில் ஊதா விளிம்பு வரும், கொஞ்சம் மூடினால் குறையும்.

இவ்வளவு குறை சொல்லிவிட்டு ஏன் தகும் என்கிறேன்? ஆட்களை எடுத்துப் பாருங்கள். எஃப் 2.2 அளவில், ஜன்னல் வெளிச்சத்தில், முகத்திலிருந்து பின்னணிக்கு மங்கிப் போகிற விதம் என் மற்ற லென்ஸ்களில் இல்லை. 36க்கு 24 மி.மீ. ஃபிரேமின் மூலைவிட்டமே 43 மி.மீ.தான், அதனாலோ என்னவோ 50 மி.மீ. லென்ஸின் இறுக்கமும் 35 மி.மீ. லென்ஸின் அகலமும் இல்லாமல் கண்ணுக்குப் பழக்கமான பார்வையாக இருக்கிறது.

ஒட்டோஃபோகஸ் மோட்டார் கமராவுக்குள் இருப்பதால் சத்தம் போடும். ஒரு கலியாண வீட்டில் தாலி கட்டுகிற நேரம் கிர்ர் என்றது, வீடியோக்காரர் திரும்பி முறைத்தார். மழைக்கும் காப்பு இல்லை, கமராவுக்கு இருந்தாலும் லென்ஸுக்கு இல்லை.

ஏபிஎஸ்-சியில் இது கிட்டத்தட்ட 65 மி.மீ. பார்வை. வெள்ளவத்தை ஃபிளாட் ஒன்றுக்குள் முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டுதான் படம் எடுக்கவேண்டும். அதற்குப் பென்டாக்ஸின் 35 மி.மீ. எஃப் 2.4 லென்ஸ் போதும், மலிவும்கூட.

பாவித்ததாக வாங்கினால் பூஞ்சணம் வடிவாகப் பாருங்கள், நம் கடற்காற்றும் புழுக்கமும் தெரியும்தானே. லென்ஸின் திறப்பை மாற்றுகிற வளையத்தை ‘ஏ’யில் (ஒட்டோ) விட்டால் உள்ளே இதழ்கள் மூடியே இருக்கும், ஒன்றும் தெரியாது, 1.9க்குத் திருப்பிவிட்டு போன் டோர்ச்சைப் பின்பக்கமாக அடியுங்கள். நான் முதலில் பார்க்கப் போன லென்ஸில் சிலந்திவலை போல ஓடியிருந்தது. விற்க வந்தவர் ‘தூசி தம்பி’ என்றார். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.