தாத்தாவின் நாவல் யாருக்கு உரிமை?

கேள்வி: என் தாத்தா எழுதிய நாவல் 1971-ல் வெளிவந்தது. 1984-ல் அவர் காலமானார். நூலில் 'உரிமை பதிப்பகத்தாருக்கே' என்று அச்சிட்டிருக்கிறது. பல ஆண்டுகளாக அது விற்பனையில் இல்லை. நாங்களே மறுபதிப்பு செய்யலாமா?

பதில்: அந்த ஒரு வரியைக் கண்டு தயங்க வேண்டாம். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, உரிமையை மாற்றித் தருவது எழுத்தில், தருபவரின் கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். பதிப்பகத்தார் தாமே அச்சிட்டுக்கொண்ட வரி அதற்கு ஈடாகாது.

ஆகவே முதலில் தாத்தாவின் பழைய காகிதங்களைத் தேடுங்கள். முறையான ஒப்பந்தம் இல்லாவிட்டாலும், ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்திட்ட ரசீது ஒன்று அகப்படலாம். அதில் 'முதல் பதிப்பு 1,200 பிரதிகளுக்காகப் பெற்றுக்கொண்டேன்' என்றிருந்தால், உரிமை உங்கள் குடும்பத்தை விட்டுப் போகவே இல்லை. 'நூலின் முழு உரிமைக்காக' என்றிருந்தால் நிலைமை வேறு. காலம் குறிப்பிடாத உரிமை மாற்றம் 5 ஆண்டுகளில் முடிந்துவிடும் என்று பலரும் சொல்வார்கள். அது 1994-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்த விதி, அதற்கு முந்தைய ஒப்பந்தங்களுக்குப் பொருந்தாது என்று அதே பிரிவு கூறுகிறது. 1710-ல் நடைமுறைக்கு வந்த இங்கிலாந்துச் சட்டமே, முதல் 14 ஆண்டுகள் கழிந்ததும் ஆசிரியர் உயிரோடிருந்தால் உரிமை மேலும் 14 ஆண்டுகளுக்கு அவரிடமே திரும்பும் என்று வகுத்திருந்தது. அவ்வளவு பழைய நியாயம், சில நூறு ரூபாய்க்கு எல்லாவற்றையும் எழுதிக்கொடுத்த நம் முந்தைய தலைமுறை எழுத்தாளர்களுக்குக் கிட்டாமல் போனதில் எனக்கு மிகுந்த வருத்தம் உண்டு. முழு உரிமைக்கான ரசீது இருந்தால், பதிப்பகத்தாரிடமோ அவர்களின் வாரிசுகளிடமோ உரிமையைத் திரும்ப எழுதி வாங்குவதே வழி.

காலக்கெடுவைப் பற்றிக் கவலை வேண்டாம். ஆசிரியர் மறைந்தபின் 50 ஆண்டுகள் என்றிருந்த பாதுகாப்பு, 1941-ல் மறைந்த தாகூரின் படைப்புகள் யாரும் அச்சிடக்கூடிய பொதுவுடைமையாக மாறவிருந்த தறுவாயில், 1992-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 60 ஆண்டுகளாயிற்று. உங்கள் தாத்தாவின் நூலுக்கு அது 2044 டிசம்பர் 31 வரை நீடிக்கும்.

உரிமை உங்களிடமே இருப்பது தெளிவானால், உயில் இல்லாத நிலையில், அத்தைமார் உட்பட எல்லா வாரிசுகளின் கையெழுத்தையும் அச்சுக்குக் கொடுக்குமுன் வாங்கிவிடுங்கள். பழைய அட்டை ஓவியமும் பிறர் எழுதிய முன்னுரையும் தனித்தனிப் படைப்புகள். அனுமதி கிடைக்காவிட்டால் அவற்றை விட்டுவிட்டு நாவலை மட்டும் வெளியிடுங்கள்.