ஏசி கேஸால் பெட்ரோலைக் குளிர்விப்பது

அன்புள்ள ஐயா,

எண்பதுகளின் மெர்சிடீஸ் பென்ஸ் டபிள்யூ126 வைத்திருக்கிறேன். கேஇ-ஜெட்ரானிக் என்ற பழைய வகை பெட்ரோல் இன்ஜெக்‌ஷன், ஏசியை 134ஏ கேஸுக்கு மாற்றியாயிற்று. ஏசி குழாயும் பெட்ரோல் ரிட்டர்ன் லைனும் ஒரு சின்ன உருளைக்குள் சேர்ந்து போகின்றன. அது வேண்டாத சுமை, கழற்றிவிடலாம் என்கிறார் மெக்கானிக். நண்பரோ, அதையே என் புது பெட்ரோல் காரிலும் பொருத்தினால் பிக்கப் கூடும் என்கிறார். யார் சொல்வது சரி?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இரண்டும் வேண்டாம். அது பெட்ரோல் கூலர். உங்கள் பென்ஸில் பம்ப் ஓயாமல் தள்ளும் பெட்ரோலில் இன்ஜின் எரித்தது போக மிச்சம், சூட்டை வாங்கிக்கொண்டு டேங்குக்குத் திரும்புகிறது. நெரிசலில் ஐடிலில் நின்றால் ஏறக்குறைய முழுவதும் திரும்பும். டேங்கில் பெட்ரோல் குறைவாக இருந்தால் சூடு இன்னும் வேகமாக ஏறும். பிறகு பம்பின் வாயிலேயே ஆவி கட்டி, பம்ப் இரைந்து, இன்ஜின் திணறும்.

கூலர் இருப்பது கேபின் காற்றைக் குளிர்விக்கும் எவாப்பரேட்டருக்கும் கேஸை அழுத்தும் கம்ப்ரஸருக்கும் நடுவில், கம்ப்ரஸர் கேஸை உறிஞ்சும் சக்‌ஷன் லைனில். கேபினைக் குளிர்வித்து முடித்த கேஸின் மிச்சக் குளிர்ச்சிதான் பெட்ரோலுக்குப் போகிறது. மணிக்கு 80 லிட்டர் திரும்புவதாக வைத்துக்கொண்டால், அதை 10 டிகிரி இறக்க சுமார் 350 வாட் போதும். பல கிலோவாட் திறனுள்ள ஏசிக்கு இது பெரிய சுமையே அல்ல. கம்ப்ரஸருக்குள் போகும் கேஸ் சற்றுச் சூடாகும், அவ்வளவுதான்.

நண்பர் சொல்லும் பிக்கப் கிடைக்காது. ஒரு கிலோ பெட்ரோலோடு 14.7 கிலோ காற்று போகிறது. பெட்ரோலை 20 டிகிரி குளிர்வித்தாலும் கலவை 3 டிகிரிதான் இறங்கும். அடர்த்தி 2 சதவீதம் கூடுவதையும் ஆக்ஸிஜன் சென்சாரைப் பார்த்து இசியு (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர்) சரிக்கட்டிவிடும். தவிர, இன்றைய பெரும்பாலான கார்களில் பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் டேங்குக்குள்ளேயே இருக்கிறது. இன்ஜினிலிருந்து ரிட்டர்ன் லைனே வருவதில்லை.

ஒன்றை மட்டும் கூலரிடம் எதிர்பார்க்காதீர்கள். வண்டியை நிறுத்திப் பத்து இருபது நிமிடம் கழித்து ஸ்டார்ட் ஆக மறுத்தால், அப்போது ஏசியும் ஓடியிருக்காது. அதற்குப் பார்க்க வேண்டியவை பெட்ரோல் பின்னோக்கி வராமல் தடுக்கும் பம்பின் செக் வால்வும், இன்ஜின் நின்ற பின்னும் லைனில் அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் ஃப்யூவல் அக்குமுலேட்டரும். இன்ஜினை நிறுத்தியபின் கேஜ் போட்டு அழுத்தம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பாருங்கள்.

உண்மையான ஆபத்து, கூலருக்குள் கேஸையும் பெட்ரோலையும் பிரிக்கும் உள்சுவர் அரித்து ஓட்டை விழுவது. ஓடும்போது கேஸ் பக்கம் சுமார் 2 பார், ரிட்டர்ன் பக்கம் அதைவிட மிகக் குறைவு. ஆகவே கேஸ் டேங்குக்குப் போகும். இன்ஜினில் எரிந்த 134ஏ ஹைட்ரஜன் ஃப்ளோரைடு என்ற அரிக்கும் நச்சுவாயுவாகும். வெளியே கசிவே தெரியாமல் கேஸ் குறைவதும், டேங்க் மூடியில் வழக்கத்தை மீறிய சீறலும் இதன் அறிகுறிகள்.

சந்தேகம் வந்தால் கேஸை மெஷினில் மீட்டெடுத்து, கூலரைக் கழற்றி, பெட்ரோலை முழுக்க வடித்துக் காயவிடுங்கள். பின் கேஸ் பக்கம் 10 பார் நைட்ரஜன் ஏற்றித் தண்ணீரில் முக்குங்கள். பெட்ரோல் முனைகளில் குமிழி வந்தால் மாற்றியே தீர வேண்டும். ஓட்டையை வெல்டிங் வைத்து ஒப்பேற்றக் கூடாது. மாட்டும்போது ஓ-ரிங் எல்லாம் புதிது. கேஸ் ஏற்றுமுன் குழாயிலுள்ள காற்றை உறிஞ்சும் வேக்கம் குறைந்தது 30 நிமிடம். ரிட்டர்ன் ஹோஸ் 20 சதவீத எத்தனால் தாங்கும் ரகமாக இருக்கட்டும்.