பிராக் பயணம்: வாசகர் கேள்விகள்

கே: குடும்பத்தோடு ஐந்து நாள் பிராக்கில் சாவகாசமாகச் சுற்றினோம். பழைய நகரச் சதுக்கத்துக்குப் பக்கத்தில் 300 யூரோ மாற்றினேன். ‘கமிஷன் இல்லை’ என்று போர்டு இருந்தது. இரவு ஓட்டலில் கணக்குப் பார்த்தால் யூரோவுக்கு 17 கொருனாதான் (செக் நாட்டுப் பணம்) தந்திருக்கிறார்கள். வெளியே 24, 25 போகிறது. பணம் திரும்பக் கிடைக்குமா?

ப: கமிஷன் இல்லை என்று எழுதிவிட்டு ரேட்டிலேயே பிடுங்குவது அங்கே பழைய வேலை. உங்கள் மேல் தப்பில்லை. இதற்காகவே 2019 ஏப்ரலில் செக் நாட்டில் சட்டம் வந்தது. 1,000 யூரோ மதிப்பு வரை மாற்றியதை மூன்று மணி நேரத்துக்குள் ரசீதோடு போய், காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம். நீங்கள் கவனித்தது இரவில் என்பதுதான் வருத்தம். அடுத்த முறை கவுன்டரை விட்டு நகரும் முன்பே கணக்குப் போடுங்கள். தெருவில் நின்று மாற்றித் தருகிறேன் என்பவரிடம் போகவே வேண்டாம். செல்லாத வேறு நாட்டு நோட்டைத் தலையில் கட்டிவிடுவார்.

கே: டிராம் டிக்கெட் வாங்கினோம், மெஷினில் செருகவில்லை. அபராதம் போட்டார்கள். நியாயமா?

ப: நியாயம்தான். அதில் நேரம் அச்சானால்தான் டிக்கெட்.

கே: ஏடிஎம் ரூபாயிலா, கொருனாவிலா என்று கேட்டது. ரூபாய் என்றால் நமக்குப் புரியுமே என்று அதையே அழுத்தினேன். சரிதானே?

ப: இல்லை. எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆறாத விஷயம் இது. ரூபாயை அழுத்தினால் மாற்று விகிதத்தை ஏடிஎம் நடத்தும் கம்பெனி தன் இஷ்டத்துக்கு வைக்கும். கொருனாவை அழுத்தினால் உங்கள் கார்டின் விகிதம். அது பெரும்பாலும் மலிவு. ரூபாயாக மாற்ற வேண்டாம் என்றால் பணமே வராதோ என்று பலர் பயப்படுகிறார்கள். வரும். ‘சம்மதம்’ பொத்தான் பச்சையாகப் பெரிதாக இருக்கும், ‘வேண்டாம்’ மூலையில் சின்னதாக இருக்கும். அந்தச் சின்னதை அழுத்துங்கள். வியன்னாவில் மகளுக்குக் குளிர்கோட்டு வாங்கியபோது கடைக்காரரே என்னைக் கேட்காமல் ரூபாயை அழுத்திவிட்டார். ஏறத்தாழ 900 ரூபாய் போயிற்று. அந்த ரசீது இன்னும் என்னிடம் இருக்கிறது. அச்சு மங்கிவிட்டது, கோபம் மங்கவில்லை. கடையிலும் கார்டு மெஷினை உங்கள் பக்கம் திருப்பச் சொல்லி, திரையைப் படித்த பிறகே பின் நம்பரைப் போடுங்கள்.

கே: 9,000 கொருனாவுக்குக் கண்ணாடிச் சாமான் வாங்கினோம். வரியைத் திரும்பப் பெறலாமாமே? கோவைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

ப: இனிக் கிடைக்காது. ஒரே கடையில் ஒரே நாளில் 2,000 கொருனாவுக்கு மேல் வாங்கினால், பாஸ்போர்ட்டைக் காட்டிப் படிவம் கேட்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுக் கிளம்பும்போது பொருளைக் காட்டி சுங்க முத்திரை வாங்க வேண்டும். இவ்வளவு பணம் போடுகிறவர்கள் கடையிலேயே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

கே: மாமனார் பேரப்பிள்ளைகளுக்காகச் சதுக்கத்தில் சுட்ட பன்றித்தொடைக் கறி கேட்டார். போர்டில் 129 கொருனா; வாங்கியது 480. அன்று முழுக்க அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

ப: அந்த விலை 100 கிராமுக்கு. அதைப் பொடி எழுத்தில் போட்டுவிட்டு, கேட்காமலே பெரிய துண்டாக வெட்டித் தராசில் வைப்பார்கள். வெட்டும் முன்பே ‘நூறு கிராம் போதும்’ என்று சொல்லிவிட வேண்டும். அந்தச் சதுக்கத்தில் தினமும் எத்தனையோ பேர் இப்படி ஏமாறுகிறார்கள் என்று மாமாவிடம் சொல்லுங்கள், பாவம்.