அடுப்பை இடம் மாற்றுகிறீர்களா? கேஸ் வேலை பற்றிய கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, சமையலறையைப் புதுப்பிக்கிறோம். அடுப்பை எதிர்ச் சுவர்ப் பக்கம் கொண்டுபோக வேண்டும். நானே கழற்றலாமா?

பதில்: சிலிண்டரிலிருந்து ட்யூபில் கேஸ் வரும் சாதாரண அடுப்பு என்றால் கழற்றலாம், ஆனால் வரிசை தப்பக் கூடாது. ஒரு பர்னரைப் பற்றவைத்து, அது எரியும்போதே ரெகுலேட்டரை மூடுங்கள். ட்யூபில் மிச்சமிருக்கும் கேஸ் எரிந்து தீர்ந்து, தீ தானாக அணையும். அப்புறம் குமிழை மூடி, ரெகுலேட்டரை எடுத்து, சிலிண்டர் வாய்க்கு மூடி போடுங்கள். கடைசியில்தான் ட்யூப்.

மேடையில் பதித்து, சுவர்க் குழாயோடு இணைத்த அடுப்பு என்றால் தயவுசெய்து கை வைக்காதீர்கள். உரிமம் உள்ள கேஸ் ஃபிட்டர் செய்ய வேண்டிய வேலை அது.

கேள்வி: ஃபிட்டர் அடுப்பைக் கழற்றிவிட்டார். குழாய் முனை சுவரில் நீட்டிக்கொண்டு நிற்கிறது. வால்வு மூடித்தான் இருக்கிறது, போதும்தானே?

பதில்: போதாது. இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். ஒரு வீட்டில் டைல்ஸ் ஒட்ட வந்தவர், நூல் பிடிக்க வாகாக இருக்கிறதென்று வால்வின் கைப்பிடியிலேயே நூலைக் கட்டியிருந்தார். இழுத்த இழுப்பில் கைப்பிடி கால்வாசி திரும்பியிருந்தது. முனையில் மரையுள்ள உலோக மூடியை முன்பே இறுக்கி வைத்திருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. துணியை அடைப்பதும் டேப் சுற்றுவதும் மூடி ஆகாது. கொத்தனார், பெயிண்டர், எலக்ட்ரீஷியன் என்று நாலு பேர் புழங்கும் இடத்தில் வால்வை மட்டும் நம்பாதீர்கள். இன்றே ஃபிட்டரைக் கூப்பிட்டு மூடி போடச் சொல்லுங்கள்.

கேள்வி: புதுக் குழாயில் கசிவு இருக்கிறதா என்று எப்போது பார்ப்பது?

பதில்: டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்னால். ஃபிட்டர் குழாயில் காற்றை ஏற்றி, அழுத்தமானியின் முள் இறங்குகிறதா என்று பார்ப்பார். நீங்களும் பக்கத்தில் நின்று பாருங்கள். அடுப்பை இணைத்துக் கேஸைத் திறந்த பிறகு, வெளியே தெரியும் ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரையைத் தடவுங்கள். தடவிய நுரை அப்படியே கிடந்தால் சரி. ஓரிடத்தில் குமிழி பெரிதாகிக்கொண்டே வந்தால் அங்கே கசிவு. தீக்குச்சியைக் காட்டிப் பார்க்கவே கூடாது.

கேள்வி: பழைய ட்யூபையே போடலாமா?

பதில்: வேண்டாம். புதிதாக வாங்குங்கள், அதன்மேல் அச்சிட்டிருக்கும் தேதியையும் பாருங்கள்.

கேள்வி: இதோடு சிலிண்டரை விட்டுக் குழாய் இயற்கை எரிவாயுவுக்கு மாறுகிறோம். இதே அடுப்பு ஆகுமா?

பதில்: ஜெட்டை, அதாவது பர்னருக்குள் கேஸை விடும் சிறு துளையுள்ள முனையை, மாற்றினால் ஆகும், அடுப்பு அதற்கு ஏற்றதாக இருந்தால். ஒரே கன அளவில் சிலிண்டர் கேஸ் இயற்கை எரிவாயுவைப்போல் சுமார் இரண்டரை மடங்கு வெப்பம் தரும், அதனால் அதன் ஜெட்டில் துளை சிறியது. மாற்றாமல் விட்டால் தீ சோர்ந்து எரியும். தலைகீழாக, பெரிய துளையில் சிலிண்டர் கேஸ் போனால் தீ மஞ்சளாக எழும்பும், பாத்திரம் கரி பிடிக்கும், நச்சுவாயுவான கார்பன் மோனாக்சைடும் உண்டாகும்.

கேள்வி: வேலை நடக்கும்போது கேஸ் வாடை வந்தால் எக்ஸாஸ்ட் ஃபேன் போடலாமா அண்ணா?

பதில்: கூடாது. எந்த சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம், அந்தச் சிறு பொறியே போதும் தீப்பிடிக்க. டிரில்லிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தால் அதன் பிளக்கையும் பிடுங்காதீர்கள். கைக்கு எட்டினால் கேஸை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு எல்லோரும் வெளியே வாருங்கள். போன் பேசுவதும் வெளியே வந்த பிறகுதான். சிலிண்டர் கேஸ் காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம், தரையோடு தேங்கும். மேல் ஜன்னல் மட்டும் திறந்தால் போகாது, தரை மட்டத்தில் வாசல் கதவு திறந்திருக்க வேண்டும். வாடை குறைந்ததுபோல் தோன்றினாலும் உடனே உள்ளே போகாதீர்கள், மூக்கு கொஞ்ச நேரத்தில் அந்த வாடைக்குப் பழகிவிடும்.