அவர் கிளம்பினாலே வயிறு கலங்குகிறது

கேள்வி: எனக்கு 34 வயது. கணவர் பிக்கப்பில் கேரட் மூட்டை ஏற்றிக்கொண்டு இரவில் மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகிறார். கிளம்பியதிலிருந்து எனக்கு வயிறு கலங்கும், வாந்தி வரும். ஓயாமல் போன் போடுவேன். மலைப்பாதையில் டவர் போய்விட்டால் அழுதுவிடுவேன். பகலில் அவர் குன்னூர் போனாலும் இதே கதைதான். வருடக்கணக்காக இப்படி. நான் அழுவேன் என்று இப்போதெல்லாம் நான் தூங்கியபிறகு சொல்லாமல் கிளம்பிவிடுகிறார். வந்ததும் காரணமே இல்லாமல் சண்டை போடுகிறேன். 6 வயதில் என்னைப் பாட்டியிடம் விட்டுவிட்டு அம்மா திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனார். அதுவும் நான் தூங்கும்போது. நர்சிங் படிக்கும் நாத்தனார் மகள் ‘சைக்கோடைனமிக் தெரபி’ என்கிறாள். பழைய கதை பேசினால் இது சரியாகுமா?
– பெயர் வேண்டாம், கோத்தகிரி

பதில்: சகோதரி, அந்தப் பாதையில் இரவில் வண்டி ஓட்டுகிறவர் வீட்டில் பயமே இல்லை என்றால்தான் ஆச்சரியம். குஞ்சப்பனைப் பக்கம் யானை வரும், ஐப்பசி மழையில் மண் சரியும். ஆனால் பட்டப்பகலில் குன்னூர் போனாலும் வயிறு கலங்குகிறது என்றால், இது சாலைப் பயம் மட்டும் இல்லை. நெருக்கமானவர் பிரிந்து போகும்போது அளவுக்கு மீறி வரும் பயம், அதாவது பிரிவுப் பதற்றமாக இருக்கலாம். இது சின்ன வயதில்தான் தொடங்கும் என்று மருத்துவ உலகமே வெகுகாலம் நினைத்திருந்தது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் ‘18 வயதுக்கு முன் தொடங்கியிருக்க வேண்டும்’ என்ற நிபந்தனை 2013-ல்தான் நீங்கியது. ‘சின்னப்பிள்ளை மாதிரி அழுகிறாள்’ என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது, போகிற போக்கில் எழுதிய சண்டைதான். ‘காரணமே இல்லாமல்’ என்கிறீர்கள். அந்தக் காரணத்தைத்தான் நாத்தனார் மகள் சொன்ன சைக்கோடைனமிக் தெரபி தேடும்; மனதுக்குள் புதைந்த உணர்வுகளைப் பேசிப் பேசிப் புரிந்துகொள்ளும் சிகிச்சை அது. விட்டுப் போகிறவர்மேல் கோபம் வரும். கோபத்தைக் காட்டினால் அவர் ஒரேயடியாகப் போய்விடுவாரோ என்ற பயமும் கூடவே வரும். உள்ளே அமுக்கிய கோபம் பதற்றமாக வெளியே வரும் என்பது இந்தச் சிகிச்சை செய்கிறவர்களின் பார்வை. 6 வயதில் அம்மாமேல் வந்த கோபத்தை யாரிடம் சொல்லியிருப்பீர்கள்? பாட்டியிடம் சொல்ல முடிந்ததா? இதையெல்லாம் நான் கடிதத்தை வைத்து முடிவு கட்டக் கூடாது; நீங்களே பேசிப் பேசிக் கண்டுபிடிக்க வேண்டியது. அம்மாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதும் நோக்கம் இல்லை. பாவம், அவர் பிழைக்கப் போனவர்.

பழைய கதை மட்டும் பேசுவார்கள் என்று நினைக்காதீர்கள். சிகிச்சை தருபவர் ஒரு வாரம் லீவு போட்டால் உங்களுக்கு அவர்மேலேயே கோபமோ, ‘இனி வரமாட்டாரோ’ என்ற கலக்கமோ வரலாம். அதை அவரிடமே சொல்ல வேண்டும். பிரிவை அந்த அறையிலேயே வைத்துப் பேசுவதுதான் இதன் உயிர்நாடி. அதனால்தான் கடைசி அமர்வு எப்போது என்பதை முன்கூட்டியே பேசுவார்கள்; விடைபெறுவதும் சிகிச்சைதான்.

நியூயார்க்கில் பார்பரா மில்ராட் குழு பேனிக் அட்டாக் (திடீரென்று நெஞ்சு படபடத்து வரும் கடும் பயம்) உள்ளவர்களுக்காக வகுத்த சைக்கோடைனமிக் முறையில் வாரம் 2 முறை, மொத்தம் 24 அமர்வு. 2007-ல் வெளியான அவர்களது ஆய்வில், உடலைத் தளர்த்தும் பயிற்சியைவிட இது நன்றாக வேலை செய்தது. ஆனால் பெரியவர்களின் பிரிவுப் பதற்றத்துக்கென்றே நடந்த ஆய்வுகள் குறைவு. பதற்றத்துக்குப் பொதுவாக சி.பி.டி. என்ற, எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சிகிச்சைக்கே ஆதாரம் அதிகம். மருந்தும் உண்டு. கிடைப்பதில் தொடங்குங்கள்.

கணவருக்கு ஒரு வார்த்தை: தம்பி, நல்ல எண்ணத்தில்தான் செய்கிறீர்கள், ஆனால் சொல்லாமல் கிளம்பாதீர்கள். எழுப்பி, ‘போயிட்டு வர்றேன்’ என்று சொல்லுங்கள். அழுதால் அழட்டும். மண்டி சேர்ந்ததும் ஒரு போன் போதும். நடுவில் அடிக்கடி எடுத்துப் பேசினால் அந்த நிமிடம் அடங்கும், அடுத்த வளைவில் மறுபடி கிளம்பும். வண்டி ஓட்டும்போது போன் எடுப்பது வேறு ஆபத்து.

வாந்தி தொடர்ந்தால் முதலில் பொது மருத்துவரிடம் வயிற்றையும் தைராய்டையும் பார்த்துவிடுங்கள். அப்புறம் 14416-க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். சைக்கோடைனமிக் சிகிச்சை தெரிந்தவர்கள் மலையில் சுலபமாகக் கிடைக்கமாட்டார்கள். கோவையில் விசாரியுங்கள், வீடியோ காலிலும் செய்யலாம். சேரும் முன் ‘இந்த முறையில் பயிற்சி பெற்றிருக்கிறீர்களா, எத்தனை அமர்வு, கட்டணம் என்ன?’ என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.